உள்ளங்கைத் திரையும் கூடத்துத் திரையும்

சாரல் காலம் பிறந்துவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தினருக்குக் குறைவே இராது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பரவியதும், சென்னையில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் வளைகுடாவில் விடுமுறை பெற்றவரும் ஊர் வந்து சேர்ந்துவிடுவர். சென்ற சாரலின்போது நம் இல்லமும் அவ்வாறே நிறைந்திருந்தது. தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். தங்கையின் மகன் துபாயிலிருந்து வந்திருந்தான். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் மூன்று நாட்கள் ஆசைதீரக் குளித்தோம். நான்காம் நாள் வெள்ளம் பெருகியதால் அருவிகளில் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்த அந்த நாளில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றினை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பொழுது போகாத பிள்ளைகள் பரணைக் குடைந்து, மர்ஹூம் அத்தா அவர்களின் பழைய தகரப் பெட்டியை இறக்கினர். அதனுள் பாஸ்போர்ட்டு ஒன்று, சில விமானக் கடிதங்கள், காலிகோ அட்டை போட்ட கணக்குக் குறிப்பேடு ஒன்று, துணியில் சுற்றிய சாம்பல் நிறக் கருவி ஒன்று ஆகியவை இருந்தன. கருவியைக் கண்டதும் மருமகன் கண்கள் விரிந்தன. “மாமா, இது கேம்பாய் அல்லவா! முதலில் வந்த கேம்பாய்!” என்று கூவினான்.

ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோ 1989ஆம் ஆண்டு வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி அது. அதனை உருவாக்கிய குழுவை நடத்தியவர் குன்பே யோக்கோய் என்னும் பொறியியல் அறிஞர். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடி ஓடுவதைவிட, பழகித் தேறி விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதுவழியில் பயன்படுத்துவதே சிறந்தது என்பது அன்னாரின் கொள்கை. ஆகவேதான் அதே காலத்தில் வண்ணத் திரையோடும் உள்விளக்கோடும் வந்த போட்டிக் கருவிகள் ஆறு பேட்டரிகளை விரைந்து விழுங்கிக்கொண்டிருக்க, கேம்பாய் நான்கே பேட்டரிகளைக்கொண்டு பல மணி நேரம் ஓடியது. அதற்கு அது கொடுத்த விலை யாது? வண்ணமில்லை, நான்கே நிழல்கள். உள்விளக்கில்லை, வெளி வெளிச்சம் பட்டாலொழியப் படம் தெரியாது. திரையோ ஐந்து சென்டிமீட்டர் அகலங்கூட முழுதாகத் தேறாத பாசி நிறச் சதுரம். இந்தக் குறைகளை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்லப்போகும் செய்தி முழுவதும் அவற்றையே பற்றி நிற்கிறது.

அக்கருவி நம் வீட்டுக்கு வந்தது 1992இல். அத்தா துபாய் தேராவில் ஒரு கிட்டங்கியில் பணிபுரிந்து வந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் விடுமுறை. அவ்வாண்டு சாரலுக்கு வந்தபோது பிள்ளைகளுக்கென்று இக்கருவியையும், டெட்ரிஸ் என்ற விளையாட்டின் கேசட்டையும் வாங்கி வந்திருந்தார்கள். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பார் 1984இல் படைத்த விளையாட்டு அது. மேலிருந்து ஒவ்வொன்றாய் விழும் கட்டிகளைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரி நிறைந்தால் அவ்வரி மறையும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். அவ்வளவே.

குற்றாலத்தில் ஒரு வாரத்துக்கு வீடு பிடித்துத் தங்கினோம். அந்த ஒரு வாரத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் மறக்காததற்குக் காரணம் அருவி அன்று. அத்தா எந்நேரமும் அவ்வீட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்து, தலை குனிந்து, அக்கருவியிலேயே மூழ்கியிருந்தார்கள். உள்ளே அடுக்களையில் அம்மா. சாரலடித்தால் மின்சாரம் போய்விடும் காலம் அது. இருண்ட வீட்டுக்குள் பிள்ளைகளோடு அம்மா இருக்க, திண்ணையிலிருந்து அந்த விளையாட்டின் மெட்டு மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அம்மா வாசற்படியில் வந்து நின்று, “ரெண்டு வருஷம் கழிச்சு வந்தும் நீங்க இன்னும் துபாயிலேயேதான் இருக்கீங்க” என்றார்கள். அத்தா பதில் சொல்லவில்லை. கருவியை அணைத்து நம் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்கள். அதற்குப் பின் அதை அவர்கள் தொட்டு நாம் கண்டதில்லை. 1998இல் ஊரோடு வந்துவிட்டார்கள். 2011இல் இறைவனடி சேர்ந்தார்கள். அந்தச் சிறு மனத்தாங்கல் பேசித் தீர்க்கப்படாமலே போயிற்று.

இனி, சென்ற சாரலுக்கு வருவோம். பழைய கேசட்டுகளைச் செருகி, எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே தொலைக்காட்சியில் ஆடத்தக்க புதுக்கருவி ஒன்றினை மருமகன் துபாயிலிருந்து கொண்டு வந்திருந்தான். அத்தாவின் கேசட்டை ஊதித் துடைத்து அதில் செருகினான். கூடத்துச் சுவரில் 43 அங்குலத் தொலைக்காட்சி. நாம் அனைவரும் ஆவலோடு அமர்ந்தோம்.

படம் வந்தது. ஏமாற்றமும் உடன் வந்தது. கட்டிகள் யாவும் சப்பையாய் அகன்று, மிதிபட்ட தீப்பெட்டிகளைப் போல் இருந்தன. ஓரங்களில் பனிமூட்டம் போன்ற மங்கல். “இதற்கா இத்தனை ஆரவாரம்?” என்று பிள்ளைகள் எழுந்து போகத் தலைப்பட்டனர்.

இவ்வாறு ஏன் ஆகிறது என்பதை மருமகன் விளக்கினான்; பின்னர் நாமும் தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். திரையில் தெரியும் எந்தப் படமும் புள்ளிகளால் ஆனது. கேம்பாய்த் திரையில் அகலவாட்டில் 160, உயரவாட்டில் 144, ஆக மொத்தம் 23,040 புள்ளிகள். நம் வீட்டுத் தொலைக்காட்சியில் 1920க்கு 1080, ஆக 20,73,600 புள்ளிகள். இது அதைப்போல் சரியாக 90 மடங்கு! ஆயினும் மொத்தம் சரியாக வகுபடுவதால் பயனில்லை. அகலத்தை 1920க்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் 12 மடங்கு அகலமாகிறது. உயரமோ ஏழரை மடங்குதான். சதுரமாய் இருக்க வேண்டிய கட்டி அதனால்தான் சப்பையாயிற்று.

அகலத்தை விடுத்து உயரத்தை மட்டும் நிரப்பினாலும் தொல்லை தீர்வதில்லை. ஏழரை என்பது முழு எண் அன்று. அரைப் புள்ளியைத் திரையில் வரைய இயலாது. எனவே ஒரு வரிசை ஏழாகவும் அடுத்த வரிசை எட்டாகவும் மாறிமாறி வரும். அல்லது இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறத்தைப் பூசிக் கருவி ஒப்பேற்றிவிடும். முன்னது கோணல், பின்னது மங்கல். நாம் கண்ட பனிமூட்டம் அப்பூச்சுத்தான்.

நேர்மையான வழி ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு புள்ளியையும் ஏழுக்கு ஏழாக, அதாவது 49 புள்ளிகளாகப் பெருக்குவது. அப்போது படம் 1120க்கு 1008 ஆகும். மேலும் கீழும் 36 வரிகள், இருமருங்கிலும் 400 புள்ளிகள் கறுப்பாகவே கிடக்கும். 4கே எனப்படும் 3840க்கு 2160 புள்ளித் தொலைக்காட்சியாயின் 15 மடங்கு மிகச்சரியாகப் பொருந்தி உயரம் முழுதும் நிறையும்; பக்கங்கள் மட்டும் காலியாயிருக்கும். 2021இல் அமெரிக்காவின் அனலாக் நிறுவனம் வெளியிட்ட ஒரு கையடக்கக் கருவிக்கு 1600க்கு 1440 என்று திரை அமைத்ததன் இரகசியமும் இதுவே. பழைய திரையை அது சரியாகப் பத்து மடங்காக்குகிறது, மிச்சமில்லை, குறைவுமில்லை.

மருமகன் அமைப்பை ஏழு மடங்குக்கு மாற்றினான். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணே, இவ்வளவு பெரிய டி.வி. வாங்கியது பாதித் திரையைக் கறுப்பாய் வைத்துப் பார்க்கவா? நிரப்பச் சொல்லுங்கள்” என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை. காசு கொடுத்து வாங்கிய திரையன்றோ! ஆயினும் நாம் மறுத்துவிட்டோம். முழம் போடுகிறவர் தம் கை நீளத்துக்கேற்பத் துணியை இழுத்துப் போட்டால் அளவு என்னாவது? பிறர் பொருளைக் காட்டும்போது அதன் அளவு நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா? தம்பி முணுமுணுத்துக்கொண்டே அமர்ந்தான். ஆனால் படத்தைக் கண்டபின் முணுமுணுப்பு நின்றது. ஒவ்வொரு கட்டியும் கொத்தனார் வைத்த செங்கல்லைப்போல் கூர்விளிம்போடு நின்றது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் வரைந்த கட்டிக்குள்ளே இருந்த நுண்கோலங்கள்கூடத் தெரிந்தன. உள்ளங்கையில் ரவைமணி அளவே இருந்த புள்ளி, இங்கே பாசிப்பயறு அளவாகியிருந்தது.

ஈண்டு மற்றொன்றும் சொல்லவேண்டும். தொலைக்காட்சிக்கென்றே செய்யப்பட்ட பழைய விளையாட்டுகள், அக்காலத்துக் குமிழ்த்திரைப் பெட்டியின் இயல்பான மங்கலை நம்பி வரையப்பட்டவை. ரூபவாஹினிக்காக மொட்டைமாடியில் உயரமான ஆண்டெனா கட்டிப் பார்த்த தலைமுறைக்கு அம்மங்கல் நன்கு தெரியும். அவ்விளையாட்டுகளை இன்றைய தட்டைத் திரையில் போட்டால் மறைந்திருந்த கரடுமுரடெல்லாம் வெளிப்பட்டுவிடும். கையடக்க விளையாட்டுகளின் நிலை வேறு. அவை பிறந்ததே கட்டம் கட்டமான திரவப் படிகத் திரையில்தான். ஆதலால் இன்றைய தட்டைத் திரை அவற்றுக்கு அந்நியமன்று, நெருங்கிய உறவே. மடங்கு மட்டும் முழுதாயிருந்தால் போதும்.

ஆனாலும் சில வேற்றுமைகள் உண்டு. பழைய கேம்பாய்த் திரை மந்தமானது. நகரும் உருவம் பின்னால் வால்போல் ஒரு நிழலை இழுத்துச் செல்லும். அந்த மந்தத்தையே பயன்படுத்தி, ஓர் உருவத்தை ஒரு நொடிக்கூறில் காட்டி மறுகூறில் மறைத்து, நிழல்போல் தோன்றச் செய்தனர் சில படைப்பாளர்கள். புதிய திரை விரைவானதாகையால் அங்கே நிழல் தெரிவதில்லை; வெறும் சிமிட்டலே தெரிகிறது. தம்பி 2002இல் வாங்கிய கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுகளில் வேறொரு விந்தை. அக்கருவியின் முதல் வடிவத்திலும் உள்விளக்கில்லை. இருண்ட திரையில் தெரியவேண்டுமே என்று பல விளையாட்டுகளுக்கு வண்ணங்களைத் தூக்கலாகப் பூசியிருந்தனர். அவை நம் தொலைக்காட்சியில் கண்ணைக் கூசச் செய்தன. வண்ணத்தைத் தணிக்க வேண்டியதாயிற்று. விசையை அழுத்திச் சற்றுத் தாமதித்தே கட்டி திரும்பியதையும் கண்டோம். தொலைக்காட்சி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ‘கேம் மோடு’ என்ற அமைப்பைப் போட்டதும் மெருகு ஒழிந்தது; தாமதமும் ஒழிந்தது.

வெண்மையும் கருமையுமாய் இருந்த டெட்ரிஸ் படத்தை மருமகன் பழைய பாசி நிறத்துக்கு மாற்றினான். ஒலியையும் சற்றுக் கூட்டினான். அந்த மெட்டு எழுந்தது. ருசிய நாட்டுப்புறப் பாடல் ஒன்றின் மெட்டு அது.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றார்கள். கையில் கரண்டி இருந்தது. “இது உங்க அத்தா சாமானுடைய சத்தமாச்சே” என்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மெட்டு அவர்கள் காதில் இருந்திருக்கிறது. ஆனால் படத்தை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது நமக்கு அப்போதுதான் உறைத்தது.

“வாங்க நன்னி, உட்காருங்க” என்று மருமகன் இடம் விட்டான். அம்மா பாயில் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பின்பு, “பகலெல்லாம் கிட்டங்கியில பெட்டி அடுக்கினாங்க. ராத்திரி இதையா அடுக்கினாங்க?” என்று மெல்லக் கேட்டார்கள். யாரும் விடை கூறவில்லை.

ஆட்டத்தின்போது திரையின் வலப்புறத்தில் ‘லைன்ஸ்’ என்ற சொல்லும், அதன்கீழே மறைந்த வரிகளின் எண்ணிக்கையும் பெரிதாகத் தெரிந்தன. தம்பி சட்டென எழுந்து தகரப் பெட்டியிலிருந்த கணக்குக் குறிப்பேட்டை எடுத்து வந்தான். அறை வாடகை, சாப்பாட்டுப் பங்கு, ஊருக்கு அனுப்பிய பணம் என்று நீண்ட கணக்குகளின் ஓரத்தில், பொடி எழுத்தில் “லை. 41”, “லை. 57”, “லை. 68” என்று தேதிவாரியாகக் குறிக்கப்பட்டிருந்தது. முன்னரும் அவற்றை நாம் கண்டதுண்டு. சரக்குக் கணக்கு என்றே எண்ணியிருந்தோம். இவ்விளையாட்டுக் கேசட் மதிப்பெண்ணை நினைவில் வைக்காது; கருவியை அணைத்தால் அத்தனையும் அழிந்துபோகும். ஆகவே அத்தா தம் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் வருவதற்கு மூன்று திங்கள் முன்பே வாங்கி, தேரா அறையில் இரவு நேரங்களில் ஆடியிருக்கிறார்கள். கடைசிக் குறிப்பின் தேதி, குற்றாலத்து வீட்டில் நாம் தங்கிய வாரத்தைச் சேர்ந்தது. அதற்குப் பின் கணக்கு மட்டுமே. ஓரக் குறிப்பு இல்லை.

அம்மா குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். “திண்ணையில போய் உட்கார்ந்துக்கிட்டாங்களே. உள்ளே வந்து எனக்கும் காட்டியிருக்கலாமே” என்றார்கள். அக்குரலில் பழைய மனத்தாங்கல் இருந்தது. அதைவிட மிகுதியாய் வேறொன்றும் இருந்தது.

நாம் துணியில் கிடந்த பழைய கருவியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த துருவைச் சுரண்டிப் புதுப் பேட்டரிகளைப் போட்டோம். அல்லாஹ்வின் கிருபை, அது உயிர்பெற்றது. அம்மா கையில் கொடுத்தோம். குழல்விளக்கின் நேர் கீழே பிடித்தாலன்றி ஒன்றும் தெரியவில்லை. அருகில் அமர்ந்து எட்டிப் பார்த்தவருக்கோ படம் வெளிறி மறைந்தது. நேர் எதிரே ஒரே ஒரு ஜோடிக் கண்ணுக்கு மட்டுமே காட்டக்கூடிய திரை அது. மின்சாரம் போன வீட்டுக்குள் அத்தா அதை எப்படிக் காட்டியிருப்பார்கள்? திண்ணைக்குப் போனது வெளிச்சத்தைத் தேடித்தான். அம்மா கருவியை இப்புறமும் அப்புறமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “வெளிச்சமே இல்லையே இதுல” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். அத்தா செய்தது முழுவதும் சரியென்று நாம் வாதிடவில்லை. வெளிச்சத்துக்காகத் திண்ணைக்குப் போனாலும், மனைவி மக்களை விட்டு அத்தனை நேரம் அங்கேயே இருந்திருக்க வேண்டியதில்லை. அதை அன்றே அவர்களும் உணர்ந்தார்கள் என்பதற்குக் குறிப்பேட்டின் வெற்று ஓரமே சாட்சி. ஆயினும் குற்றத்தில் ஒரு பங்கு அத்தாவினுடையதன்று. அச்சிறு திரையினுடையது என்பதை அம்மா அன்று அறிந்துகொண்டார்கள்.

இரவு எல்லாரும் உறங்கியபின் நாம் மற்றொரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேம்பாய்த் திரையின் உயரம் ஏறத்தாழ 4.3 சென்டிமீட்டர். அதைக் கண்ணிலிருந்து ஓரடித் தொலைவில் பிடிப்போம். தொலைக்காட்சியில் வந்த படத்தின் உயரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அம்மா அமர்ந்திருந்த பாய்க்கும் சுவருக்கும் இடையே பத்தடி. ஓரடியில் 4.3 என்பதும், பத்தடியில் 50 என்பதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான். பின்னது சற்றே பெரிது. அப்படியானால் நாம் படத்தைப் பெரிதாக்கவே இல்லை! அத்தாவின் கண் கண்ட அளவிலேயே அதை அம்மாவின் கண்ணும் கண்டிருக்கிறது. வேற்றுமை ஒன்றே: அங்கே ஒருவர் அமரும் இடந்தான் இருந்தது, இங்கே குடும்பம் முழுதும் அமர இடமிருந்தது.

நின்டென்டோ நிறுவனமே கேம்பாய் விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் காட்டும் துணைக்கருவிகளை 1994இலும் 2003இலும் வெளியிட்டது. 2023 பிப்ரவரியில் தன் புதிய ஸ்விட்ச் கருவியிலும் பழைய விளையாட்டுகளைச் சந்தா வழியே தந்தது. எனவே இது அரிய வித்தை ஒன்றுமன்று. வளைகுடா நாடுகளோடும் மலேசியா சிங்கப்பூரோடும் தொடர்புடைய நம் குடும்பங்களில், இத்தகைய சாமான் ஒன்றேனும் பரணில் உறங்கிக்கொண்டிருக்கும். அன்பர்கள் அதை இறக்கிப் பார்க்க வேண்டுகிறோம். உள்ளே பேட்டரி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கசிந்து தகட்டை அரித்துவிடும். ஆட்டத்தை நினைவில் வைக்கும் கேசட்டுகள் பலவற்றினுள் நாணயம் போன்ற சிறு பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் பதிவும் போய்விடும் என்பதால் காலந் தாழ்த்தாதீர்கள். தொலைக்காட்சியில் காணும்போது முழு மடங்கில் காணுங்கள். சுற்றிலும் கறுப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும். உரியதை உரிய அளவில் காண்பதற்கு நாம் விட்டுக்கொடுக்கும் இடம் அது.

மறுநாள் காலை வெயில் எட்டிப் பார்த்தது. அருவிகளில் தடை நீங்கியது. பிள்ளைகள் வண்டியில் ஏறிவிட்டனர். அம்மா வரவில்லை என்றார்கள். ஏனென்று கேட்கத் திரும்பியபோது, நம் வீட்டுத் திண்ணையில், நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, அச்சாம்பல் நிறக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். மெட்டு கேட்டது. “போயிட்டு வாங்க. எனக்கு இன்னும் ஒரு வரிகூட நிறையல” என்றார்கள்.